ஆஃப்ரோடு போகிற வண்டிக்கு எந்த முன்கேமரா?

செங்குத்தான மேட்டில் ஏறி, முன்சக்கரம் உச்சியைத் தொடப்போகிற நேரத்தில் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது பானெட்டும் வானமும்தான். அந்தப் பக்கம் பாதை நேராக இறங்குகிறதா, உடனே வலது பக்கம் திரும்புகிறதா, மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளம் காத்திருக்கிறதா, எதுவும் தெரியாது. கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுகிறவர் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பானெட்டின் முன்விளிம்பு 1.1 மீட்டர் உயரத்தில், கண்ணிலிருந்து 1.9 மீட்டர் தள்ளி இருக்கிறது. நம் ஊர் ஜீப் வகை வண்டிகளுக்கு இது ஏறக்குறைய பொருந்தும். இந்த அளவுக்குச் சமதரையில் நிற்கும்போதே பானெட்டுக்கு முன்னால் 5 மீட்டர் தரை மறைந்துபோகிறது. பானெட்டை ஒட்டிப் போகும் பார்வைக் கோடு கீழ்நோக்கிச் சாய்வது வெறும் 12 டிகிரி. அதனால் 12 டிகிரி ஏற்றத்தில், அதாவது ஐந்தடி போனால் ஓரடி உயர்கிற சரிவில், உச்சிக்கு அப்பால் இருக்கிற சமதரை துளிகூடக் கண்ணில் படாது.

வண்டியின் திறமையோ அதைத் தாண்டிப் போகிறது. இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியின் அப்ரோச் ஆங்கிள், அதாவது முன்பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 36 டிகிரி. மஹிந்திரா தாருக்கு 41 டிகிரிக்கு மேல். பம்பர் இடிக்காமல் வண்டி ஏறிவிடும், ஓட்டுகிறவர் கண்தான் ஏறாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் முன்கேமரா. கண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மீட்டர் முன்னால், வண்டியின் மூக்கிலேயே இருப்பதால் அது உச்சியை நமக்கு முன்பே எட்டிப் பார்த்துவிடுகிறது.

இதற்கு இன்று நம்மிடம் ஐந்து வழிகள் இருக்கின்றன: கேமராவே இல்லாமல் ஆளை நிறுத்தி வழிகாட்டச் சொல்வது, போனில் படம் காட்டும் வைஃபை கேமரா, ஒயர் இழுத்து மாட்டும் ஒற்றைக் கேமரா, வெளியில் மாட்டும் 360 டிகிரி செட், கம்பெனியே பொருத்தித் தரும் கேமரா. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிம்னி, மூன்று கதவு தார், கூர்க்கா மாதிரி வண்டி ஏற்கெனவே கையில் இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒயர் இழுத்த ஒற்றைக் கேமராவும், அதை வேண்டும்போது போட்டுக்கொள்ள ஒரு சுவிட்சும் போதும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் பேசுவது மெகாபிக்சலைப் பற்றி, பாதையில் கழுத்தறுப்பது வேறு விஷயங்கள்.

இறங்கிப் பார்ப்பதும், ஆளை நிறுத்துவதும்

எந்தக் கேமராவும் இதற்கு ஈடாகாது. தெரியாத பாதையில் உச்சிக்குக் கீழேயே வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குச் செலவு எதுவும் இல்லை. கல் ஆடுகிறதா, மண் இளகலா, குழியின் ஆழம் எவ்வளவு என்பதெல்லாம் காலால் மிதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், முன்னால் நின்று கைகாட்டும் ஆள். "வரட்டும்ணே, வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் கொஞ்சம்... ஸ்ட்ரெய்ட் பண்ணிக்குங்க... நில்லுங்க" என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் கேமராவை அணைத்தே வைக்கலாம். அவருக்கு இரண்டு முன்டயர்களும் ஒரே நேரத்தில் தெரியும், வண்டிக்கு அடியில் டிஃபரன்ஷியல் (அச்சிலுள்ள கியர் பெட்டி) எந்தக் கல்லில் தட்டப்போகிறது என்பதும் தெரியும். ஆனால் கைகாட்டுகிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். மூன்று பேர் மூன்று திசை காட்டினால் யாரும் காட்டாததே மேல். ஏற்றத்தில் வண்டிக்கு நேர் முன்னாலோ, இறக்கத்தில் வண்டி வழுக்கினால் நசுங்குகிற இடத்திலோ அவர் நிற்கக் கூடாது. இதை ஓட்டுகிறவர்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் ஒதுங்கி நிற்கும் வரை வண்டியை நகர்த்தவே கூடாது.

தனியாகவோ, குழந்தைகளும் பெரியவர்களுமாகக் குடும்பத்தோடோ போகும்போது இந்த வழி அடிபட்டுப்போகிறது. கொட்டுகிற மழையிலும், யானை நடமாட்டம் உள்ள எஸ்டேட் பாதையிலும் இறங்கச் சொல்ல முடியாது. ஒரே ஏற்றத்தில் பத்து வளைவு இருந்தால் பத்து முறை ஒருவரை இறக்கி ஏற்றுவதும் நடைமுறைக்கு ஒத்து வராது. கேமரா வாங்கலாமா என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. எப்போதும் இரண்டு மூன்று வண்டியாகச் சேர்ந்து போகிறவர்கள் வாங்காமலே இருக்கலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர்களைப் பாருங்கள். அவர்கள் தினமும் ஓடுகிற பாதை, ஒவ்வொரு கல்லும் அத்துப்படி, கேமராவுக்கு அங்கே வேலையே இல்லை. பாதை புதிது, கூட ஆள் இல்லை என்ற நிலையில் போகிறவர்களுக்குத்தான் அது.

போனில் படம் காட்டும் வைஃபை கேமரா

மாட்டுவது சுலபம், விலையும் குறைவு என்று பலர் முதலில் தொடுவது இதைத்தான். ஒயர்லெஸ் என்று பெயர் இருந்தாலும் கரண்டுக்கு ஒயர் இழுக்கத்தான் வேண்டும். கேமராவே ஒரு வைஃபையை உண்டாக்கும், போன் அதில் சேர்ந்துகொள்ளும். மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பது உண்மைதான்.

பிரச்சினை தாமதம். கேமரா படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், போன் அதை விரித்துக் காட்ட வேண்டும். இதற்கு 0.3 நொடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 40 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். நீங்கள் ஸ்கிரீனில் பார்த்து பிரேக் மிதிக்கிற இடத்தை டயர் ஏற்கெனவே தாண்டியிருக்கும். ரிவர்ஸ் எடுத்து வீட்டு கேட்டுக்குள் வண்டியை விட இந்தத் தாமதம் பரவாயில்லை. ஓரத்தில் பள்ளம் இருக்கிற பாதையில் இதை நம்பக் கூடாது.

அதோடு, போனிலுள்ள மேப்பை வண்டியின் ஸ்டீரியோ ஸ்கிரீனில் காட்டும் ஒயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடுவதும் வைஃபையில்தான். போனைக் கேமராவோடு சேர்த்தால் மேப் போய்விடும். வெயிலில் டேஷ்போர்டில் நிற்கும் போன் சூடேறியதும் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நண்பகலில் படமே தெரியாது. ஆக்‌ஷன் கேமராவை கிரில்லில் மாட்டி போனில் பார்ப்பதும் இதே கதைதான். பயணத்தைப் பதிவு செய்ய அது அருமையான கருவி. வண்டியை நகர்த்த அதை நம்பாதீர்கள்.

ஒயர் இழுத்த ஒற்றைக் கேமரா

ரிவர்ஸ் கேமரா என்று கடையில் விற்கிற அதே பொருள்தான் பெரும்பாலும். அதை முன்னால் மாட்டுகிறோம். படம் ஒயர் வழியாக வருவதால் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் இருக்கும். பழுதானாலும் எந்த ஊரிலும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் சரி செய்துவிடுவார். மலையடிவார ஊரில் நிற்கும்போது இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ரிவர்ஸ் கேமராவை அப்படியே முன்னால் திருப்பி மாட்டினால் ஆபத்து. ரிவர்ஸ் கேமரா படத்தை இடம் வலமாகப் புரட்டிக் காட்டும். ரியர்வியூ கண்ணாடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏற்றாற்போல அப்படி வைத்திருக்கிறார்கள். அதையே முன்னால் மாட்டினால் இடது பக்கத்துப் பள்ளம் ஸ்கிரீனில் வலது பக்கம் தெரியும். பதற்றமான நேரத்தில் கை தானாக இடது பக்கம் ஒடிக்கும், பள்ளம் இருக்கிற பக்கமே வண்டி போகும். பல கேமராக்களில் ஒயரோடு சின்ன வளையங்கள் இரண்டு தொங்கும். ஒன்றைத் துண்டித்தால் படம் புரளும், இன்னொன்றைத் துண்டித்தால் பார்க்கிங் கோடுகள் போய்விடும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் வரும் தாளைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கடையை விட்டுக் கிளம்பும் முன் எதிரே நிற்கிற ஏதாவது ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டை ஸ்கிரீனில் படித்துப் பாருங்கள். எழுத்து நேராக இருந்தால் சரி. கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகப் புரண்டிருந்தால் பில் கட்டாதீர்கள்.

பார்க்கிங் கோடுகளையும் எடுத்துவிடச் சொல்வேன். அவை பின்பக்கத்துக்காக, வேறு உயரத்துக்காக வரைந்தவை, முன்னால் பொய் சொல்லும். அதற்குப் பதில் நீங்களே குறித்துக்கொள்ளலாம். சமதரையில் ஸ்டீயரிங்கை நேராக்கி வண்டியை நிறுத்துங்கள். இரண்டு முன்டயர்களின் வெளிவிளிம்புக்கு நேராக, பம்பரிலிருந்து ஒரு மீட்டரில் ஒரு ஜோடிச் செங்கல், இரண்டு மீட்டரில் இன்னொரு ஜோடி வையுங்கள். ஸ்கிரீனில் அந்த நான்கும் தெரிகிற இடத்தில் கடுகளவு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாறைக்கு முன் நிற்கும்போது அது டயருக்கு நேராக வருகிறதா, இரண்டு டயருக்கும் நடுவில் வருகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். அரை மணி நேர வேலை, எந்த விலையுயர்ந்த கேமராவும் தராத பயன்.

லென்ஸ் அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 170 டிகிரி என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவ்வளவு அகலமான லென்ஸ் பக்கத்தில் இருப்பதைத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும், செங்குத்தான இறக்கத்தைச் சாதாரணச் சரிவாகத் தட்டையாக்கிவிடும். பார்க்கிங்குக்கு அகலம் நல்லது. மேட்டு உச்சியில் நமக்குத் தேவை சரிவு எவ்வளவு என்ற உணர்வு. 120 முதல் 140 டிகிரிக்குள் கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

படத்தின் தரத்தில் இரண்டு வகை உண்டு. பழைய சிவிபிஎஸ், புதிய ஏஎச்டி. ஏஎச்டியில் 720 அல்லது 1080 வரிப் படம் கிடைக்கிறது. சிவிபிஎஸ்ஸில் கூழாங்கல்லும் காய்ந்த சருகும் ஒன்றுபோலத் தெரியும், ஏஎச்டியில் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் ஸ்டீரியோ எந்த வகையை ஏற்கும் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் கேமரா வாங்க வேண்டும். பொருந்தாவிட்டால் கறுப்புத் திரை, இல்லையென்றால் உருண்டு ஓடும் படம். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் செட்டிங்ஸுக்குள் வகையை மாற்ற வழி இருக்கும்.

அடுத்து, படத்தை எங்கே பார்ப்பது? கம்பெனி ஸ்டீரியோ பெரும்பாலும் ரிவர்ஸ் கியர் போட்டால்தான் கேமரா பக்கம் போகும். அதை ஏமாற்றி முன்கேமராவைக் காட்ட வைக்க இன்டர்ஃபேஸ் பெட்டிகள் கிடைக்கின்றன. அதற்காக ஒயரை வெட்டினால் வாரன்டி பேச்சு வரும். ஜிம்னியைப் போல ரிவர்ஸ் கேமராவோடு வருகிற வண்டியில் கம்பெனி ஸ்கிரீனைத் தொடாமல் ஐந்து இன்ச்சில் தனி மானிட்டர் ஒன்றை டேஷ்போர்டில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். கூடுதல் பயன் ஒன்றும் உண்டு. மேப் ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். 2020-ல் வந்த மூன்று கதவு தாரில் ரிவர்ஸ் கேமராகூடக் கம்பெனியிலிருந்து வரவில்லை. அந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் முன், பின் இரண்டு கேமராவுக்கும் இடம் உள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவாக மாற்றிக்கொண்டால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

எப்படி மாட்டினாலும் சுவிட்ச் உங்கள் கையில் இருக்க வேண்டும். உச்சியை நெருங்கும்போது படம் வேண்டும், தார் ரோட்டில் வேண்டாம். இக்னிஷனோடு எரியும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து தனி ஃபியூஸ் போட்டுக் கரண்ட் எடுத்து, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். இன்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் (இடையிலுள்ள தகட்டுச் சுவரில்) ஏற்கெனவே ரப்பர் அடைப்போடு ஓட்டை இருக்கும், அதன் வழியாகவே ஒயர் வர வேண்டும். புதிதாகத் துளை போட விடாதீர்கள், தண்ணீர் உள்ளே இறங்கும். ரேடியேட்டர் ஃபேனுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் ஒயரை எட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். படம் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளோடு ஒட்டி வரும் மெல்லிய சிவப்பு ஒயர் ஸ்டீரியோவுக்குச் சைகை கொடுக்க மட்டும்தான், அதைச் சும்மா தொங்கவிடாமல் முனையில் டேப் சுற்றச் சொல்லுங்கள்.

இடம்? பம்பரில் கீழே மாட்டினால் கல்லும் சேறும் முதலில் அடிப்பது கேமராவைத்தான். தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்கிறது கம்பெனி, அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கிற கேமரா ஓடையில் முழுகித்தான் போகும். கிரில்லின் கீழ்ப்பகுதியில், சரியாக நடுவில் மாட்டுவது நல்லது. படத்தின் அடிவிளிம்பில் பம்பரின் உதடு கொஞ்சம் தெரிகிற மாதிரி சாய்த்துவிட்டால் தூரத்தை மதிப்பிட ஒரு பிடி கிடைக்கும். பம்பருக்கு முன்னால் வைக்கும் இரும்புத் தடுப்பான புல்பாரில் மட்டும் மாட்டாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதியில்லாத புல்பார்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அடி மோசமாகும், ஏர்பேக் சரியாக வேலை செய்வதையும் அது கெடுக்கலாம். கேமராவுக்காக அதை வைத்துக்கொள்வதில் நியாயமில்லை.

வாட்டர்ப்ரூஃப் விஷயத்தில் ஐபி67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. ஓடைக்கு அது போதும். ஆனால் பயணம் முடிந்து வாட்டர் சர்வீஸில் பீச்சியடிக்கும் அழுத்தத்துக்கு அது சான்றில்லை. அதற்கான சோதனை ஐபி69கே. இரண்டும் எழுதியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சர்வீஸ் பையனிடம் லென்ஸில் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகச் சேறு. எந்த ஒற்றைக் கேமராவின் பலவீனமும் இதுதான். ஒரு குட்டையைக் கடந்ததும் லென்ஸ் மூடிக்கொள்ளும், அடுத்த மேட்டில் ஸ்கிரீனில் வெறும் பழுப்பு நிறம். ஜீப் கம்பெனி 2020 மாடல் கிளாடியேட்டரில் ட்ரெயில்கேம் என்ற முன்கேமராவைக் கொடுத்தபோது லென்ஸைக் கழுவத் தண்ணீர்ப் பீச்சும் வசதியையும் சேர்த்தே கொடுத்தது. அதைப் போல நாமும் செய்துகொள்ளலாம். வைப்பர் தண்ணீர்க் குழாயிலிருந்து டி இணைப்பு ஒன்றைப் பிரித்து, கேமராவுக்கு மேல் சின்ன நாசில் ஒன்றை லென்ஸைப் பார்த்து வைத்தால், கண்ணாடி கழுவும்போது கேமராவும் கழுவப்படும். கேமராவின் விலையை ஒப்பிட்டால் இதற்கு ஆவது சொற்பம்தான். சேற்று நிலத்தில் போகிறவர்கள் உயர்ந்த ரகக் கேமராவைவிட இதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

வெளியில் மாட்டும் 360 டிகிரி செட்

நான்கு கேமராப் படங்களையும் தைத்து, வண்டியை வானத்திலிருந்து பார்ப்பது மாதிரி காட்டும். பார்க்க அழகாக இருக்கும், நெருக்கமான நகரப் பார்க்கிங்கில் உண்மையாகவே உதவும். ஆஃப்ரோடுக்கு மட்டும் என்று கேட்டால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அந்த மேல்பார்வைப் படம், தரை முழுவதும் சமமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போடப்படும் கணக்கு. தரையிலிருந்து எழும்பி நிற்கிற எதுவும் அதில் இழுபட்டு, வெளிப்பக்கமாகச் சரிந்து தெரியும். இரண்டு படங்கள் சேரும் தையலில் ஒரு பாறை மறைந்தே போகலாம். சமதரையே இல்லாத இடத்தில் சமதரையை நம்பிப் போட்ட படம் எப்படிச் சரியாக இருக்கும்? டயரைப் பெரிதாக்கியோ சஸ்பென்ஷனை உயர்த்தியோ இருந்தால் கேமராவின் உயரம் மாறி, கணக்கையே மறுபடி சரிசெய்ய வேண்டும். பக்கக் கேமராக்கள் கண்ணாடிக்கு அடியில் துருத்திக்கொண்டிருப்பதால் புதர்க் கிளை முதலில் உரசுவது அவற்றில்தான். ஒற்றைக் கேமராவைப் போலப் பல மடங்கு விலை கொடுத்துவிட்டு, கடைசியில் அதில் பயன்படுவது முன்பக்கத் தனிப்படமும் இடது பக்கத் தனிப்படமும்தான்.

ஊருக்குள் ஐந்து நாள், காட்டுப் பாதையில் எப்போதாவது ஒரு நாள் என்று ஓட்டுகிறவர்கள் நகரப் பயனுக்காக வாங்கிக்கொள்ளட்டும். அவர்களுக்கு அது நல்ல பொருள்.

கம்பெனியே தருவது

இங்கே தரம் வேறு. ஃபோர்ட் 2012 மாடல் ராப்டர் பிக்அப்பிலேயே முன்கேமரா கொடுத்துவிட்டது. ஜீப்பின் ட்ரெயில்கேமில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப டயர் போகும் வழியைக் காட்டும் கோடுகளும் திரும்பும். 2014-ல் லேண்ட் ரோவர் கண்ணாடிப் பானெட் என்று ஒரு மாதிரியைக் காட்டியது. 2019-ல் எவோக்கில் கிளியர்சைட் கிரவுண்ட் வியூ என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் கேமரா பார்த்த தரையை நினைவில் வைத்து, இப்போது பானெட்டுக்கு அடியில் இருக்கிற தரையாகக் காட்டும் வித்தை அது. டொயோட்டா லேண்ட் குரூஸர் 300-லும் இதே மாதிரி வண்டிக்கு அடியில் இருப்பதைக் காட்டும் வசதி உண்டு. ஜிஎம்சி ஹம்மர் மின்வண்டியிலோ வண்டிக்கு அடியிலேயே நிஜக் கேமராக்கள் இருக்கின்றன.

இந்த வித்தை ஏன் தேவைப்பட்டது என்பது ஒற்றைக் கேமரா மாட்டுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முன் அச்சு, பம்பரிலிருந்து அரை மீட்டருக்கு மேல் பின்னால் இருக்கிறது. டயர் கல்லைத் தொடுகிற நேரத்தில் அந்தக் கல் முன்கேமராவின் பார்வையை விட்டுப் போயிருக்கும். அதாவது முன்கேமரா வழியைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவும், டயரைக் கல்லில் ஏற்றிவைக்க உதவாது. கல் படத்திலிருந்து மறைந்த பிறகு கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பதே மேல்.

இவையெல்லாம் விலை உயர்ந்த வண்டிகள். நம்மில் பலருக்கு நிஜமான கேள்வி தார் ராக்ஸில்தான் வருகிறது. 2024 ஆகஸ்ட்டில் வந்த அந்த வண்டியின் டாப் மாடலான ஏஎக்ஸ்7எல்-இல் 360 டிகிரி கேமரா இருக்கிறது. கம்பெனி வண்டியின் அளவுக்கே தயாரித்தது, வாரன்டி சிக்கல் இல்லை, ஒயர் வெட்டும் வேலை இல்லை. மற்ற வசதிகளுக்காக அந்த மாடலைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் வேறு கேமரா தேடவே வேண்டாம். கேமரா ஒன்றுக்காக மட்டும் கீழ் மாடலை விட்டு அங்கே தாவுவது பணத்துக்குக் கேடு. அந்த வித்தியாசத்தில் நல்ல ஆல்டெரெய்ன் டயர் ஒரு செட், ஒரு ஏர் கம்ப்ரஸர், சிக்கிய வண்டியை இழுக்க ஒரு ரிகவரி ஸ்ட்ராப், ஒற்றைக் கேமரா எல்லாமே வாங்கிவிடலாம். சிக்கினால் வெளியே எடுப்பது டயரும் ஸ்ட்ராப்பும்தான்.

எந்தக் கேமராவும் கைகொடுக்காத இடங்கள்

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலில் வண்டி நிற்காமல் ஒரே வேகத்தில் போக வேண்டும். அங்கே ஸ்கிரீனைப் பார்க்க நேரமே இல்லை. தண்ணீரின் ஆழத்தைக் கேமரா காட்டாது, ஒரு கம்பும் இறங்கி நடக்கிற காலும்தான் காட்டும். வால்பாறை மாதிரி இடங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கும் தெரியாது. இரவில் கூடுதலாக மாட்டிய எல்இடி விளக்கின் வெளிச்சம் தூசியில் பட்டுத் திரும்பி லென்ஸை வெளுக்க வைக்கும். கிழக்கு பார்த்து ஏறும் காலைப் பாதையில் உச்சியை நெருங்குகிற அந்தச் சரியான நொடியில் சூரியன் லென்ஸுக்குள் நேராக விழும். மேலே ஒரு சின்ன மூடி வைத்த கேமராவாகப் பார்த்து வாங்கினால் இதன் தொல்லை கொஞ்சம் குறையும்.

ஒற்றைக் கேமரா மாட்டிய பிறகும் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால், அதை முன்பக்கத்துக்கு இன்னும் நல்ல கேமராவாக மாற்றுவதில் போடாதீர்கள். நம் வண்டிகளில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது முன்டயரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிடலாம், இடது முன்டயர் எந்த நேரத்திலும் தெரியாது. மலைப்பாதையில் எதிரே வண்டி வந்து, ஓரம் ஒதுங்க வேண்டி வரும்போது பள்ளத்தை ஒட்டி நிற்பது பெரும்பாலும் அந்த இடது டயர்தான். இடது கண்ணாடிக்கு அடியில் உடலோடு ஒட்டிய சின்னக் கேமரா ஒன்றை, டயரும் அதற்கு முன்னால் ஒரு மீட்டர் தரையும் தெரிகிற மாதிரி கீழே பார்த்து மாட்டி, அதே மானிட்டரின் இரண்டாவது இணைப்பில் சேர்த்துவிடுங்கள். மானிட்டர் வாங்கும்போதே இரண்டு கேமரா இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இதற்கு அந்தச் சின்னக் கேமராவின் விலையும் ஒயர் இழுக்கிற கூலியும் மட்டும்தான் கூடும்.